பழைய காருக்குப் புதிய டீசல் என்ஜின்: சட்டமும் தொழில்நுட்பமும் சொல்வது என்ன?

புது தில்லி: பழைய காரின் உடற்பகுதி உறுதியாக இருக்கும் நிலையில், தேய்ந்துபோன என்ஜினை அகற்றிவிட்டுப் புதிய தலைமுறை டீசல் என்ஜினைப் பொருத்தும் விருப்பம் பல உரிமையாளர்களிடம் காணப்படுகிறது. எரிபொருள் சிக்கனமும் கூடுதல் இழுவிசையும் இதற்கு முக்கியக் காரணங்கள். ஆனால், பட்டறையில் முடிந்துவிடும் வேலையாக இதைக் கருதுவோர் பின்னர் சட்டச் சிக்கலை எதிர்கொள்ள நேரிடுகிறது.

அம்பாசடர் காட்டும் பாடம்

அம்பாசடர் கார் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1,489 சிசி டீசல் என்ஜினுடன் ஓடிய அந்தக் கார், பின்னர் 1,995 சிசி இசுசு டீசல் என்ஜினுடனும் விற்பனைக்கு வந்தது. அந்த மாற்றத்தைத் தயாரிப்பு நிறுவனமே சோதித்து, ஒப்புதல் பெற்றுச் செய்தது. தனிநபர் ஒருவர் தமது காரில் அதே மாற்றத்தைச் செய்யும்போது அத்தகைய ஒப்புதல் தானாகக் கிடைத்துவிடுவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள், உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது என்று 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கூறுகிறது. நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் ஆகியோர் அடங்கிய உச்சநீதிமன்ற அமர்வு 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் இதை உறுதி செய்தது.

சிஎன்ஜி, எல்பிஜி, மின்கலம் போன்றவற்றில் இயங்குவதற்கான மாற்றுக் கருவிகளை நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் பொருத்தச் சட்டம் வழிவகுத்துள்ளது. என்ஜின் மாற்றப்பட்டால், 14 நாள்களுக்குள் பதிவு அதிகாரியிடம் தெரிவித்துப் புதிய என்ஜின் எண்ணைப் பதிவு செய்ய வேண்டும். அனுமதிக்கப்படாத மாற்றங்களுக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

என்ஜின் மட்டும் போதாது

பழைய டீசல் என்ஜின்களில் எரிபொருள் பம்ப் இயந்திர முறையில் இயங்கியது. புதிய 'காமன் ரெயில்' என்ஜின்களிலோ, 1,000 பார் அளவைத் தாண்டிய அழுத்தத்தில் டீசல் செலுத்தப்படுகிறது. அதை மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி நிர்வகிக்கிறது. எனவே அந்தக் கருவி, அதன் ஒயரிங், உணரிகள், நுண்ணிய டீசல் வடிகட்டி ஆகியவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

முன்சக்கர இயக்கக் காரில் குறுக்காகப் பொருத்தப்பட்ட என்ஜினை, அம்பாசடர் போன்ற பின்சக்கர இயக்கக் காரில் நேரடியாகப் பொருத்த இயலாது. கியர் பாக்ஸ் இணைப்பு, என்ஜின் தாங்கிகள், ரேடியேட்டர் ஆகியவையும் பொருந்த வேண்டும். பெட்ரோல் காராக இருந்தால், பிரேக்குக்குத் தேவையான வெற்றிடத்தை உருவாக்கத் தனி பம்ப் அவசியம். அது இன்றி பிரேக் மிதி கடினமாகி, வண்டி நிற்கும் தூரம் அதிகரிக்கும். டீசல் என்ஜினின் கூடுதல் எடையை முன்பக்க ஸ்பிரிங்குகளும் தாங்க வேண்டும்.

புகையும் வயதும்

நாடு முழுவதும் 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதிகள் அமலில் உள்ளன. டீசல் கார்களுக்கான நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு, பிஎஸ்-4 விதிகளில் கிலோ மீட்டருக்கு 0.25 கிராமாக இருந்தது. பிஎஸ்-6 விதிகளில் 0.08 கிராமாகக் குறைக்கப்பட்டது. புகையைச் சுத்திகரிக்கும் சாதனங்களே இந்த அளவை எட்ட உதவுகின்றன. அவற்றைக் கழற்றிவிட்டு என்ஜினை மட்டும் பொருத்தினால் அந்தப் பலன் கிடைக்காது.

புதிய என்ஜினால் காரின் வயதும் குறைந்துவிடாது. தேசியத் தலைநகர் வட்டாரத்தில் 10 ஆண்டுகளைக் கடந்த டீசல் வாகனங்களுக்கான தடையை 2018 அக்டோபரில் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. பின்னர் மேலும் உத்தரவுகள் பிறப்பிக்கப்பட்டன. வயது கணக்கிடப்படுவது பதிவு நாளைக் கொண்டே.

உரிமையாளர்கள் கவனிக்க வேண்டியவை

பயன்படுத்திய என்ஜினை வாங்குவோர், அதன் எண்ணைக் காட்டும் ரசீதைக் கேட்டுப் பெற வேண்டும். திருடப்பட்ட வாகனத்தின் என்ஜினாக இருந்தால் காவல்துறை விசாரணையைச் சந்திக்க நேரிடும். 15 ஆண்டுகளுக்குப் பின் பதிவைப் புதுப்பிக்கும்போது என்ஜின் எண் ஒத்துப்போகாவிட்டால் புதுப்பித்தல் தடைபடக்கூடும். மாற்றத்தைத் தெரிவிக்காமல் இருந்தால், விபத்து நேரும்போது காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் வாய்ப்புள்ளது.

எனவே, என்ஜினுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பாகவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்துபூர்வமாக விண்ணப்பித்து, அனுமதி கிடைக்குமா என்பதை உறுதி செய்துகொள்வதே பாதுகாப்பான வழியாகும். அதே மாதிரி என்ஜினைப் பொருத்துவது அல்லது இருக்கும் என்ஜினையே முழுமையாகப் பழுதுபார்ப்பது பெரும்பாலானோருக்குச் சிக்கலற்ற தேர்வாக அமையும்.