மிதித்தும் இறங்காத பிரேக்

காரை நிறுத்துவது ஓட்டுநரின் கால் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கால் போடுவது சிறு பங்கு. பெரும்பங்கு காற்றுடையது. அந்தக் காற்று கைவிடும் நாளில்தான் பிரேக் பெடல் கருங்கல்லாக இறுகிப்போகிறது.

பானெட்டைத் திறந்தால், ஓட்டுநர் பக்கப் பின்சுவரில் கறுப்பாக, வட்டமாக ஒரு தகரக் கூடு தெரியும். அதுதான் பிரேக் பூஸ்டர். அதன் முன்னால் மாஸ்டர் சிலிண்டர், மேலே பிரேக் ஆயில் டப்பா. கூட்டுக்குள் ஒரு ரப்பர் டயாப்ரம் இரண்டு அறைகளைப் பிரிக்கிறது. பெட்ரோல் இன்ஜின் மூச்சு இழுக்கும்போது, ஒரு ஹோஸ் வழியாக இரண்டு அறைகளின் காற்றையும் சேர்த்தே உறிஞ்சிவிடும். பெடலை மிதித்தால் பின்னறையின் வால்வு திறந்து வெளிக்காற்று புகும். முன்னறையில் காற்று குறைவு. பின்னறையில் முழு அழுத்தம். டயாப்ரம் முன்னே பாய்ந்து மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும்.

கணக்குப் போட்டால் வியப்பாக இருக்கும். 9 அங்குல டயாப்ரத்தின் பரப்பு சுமார் 400 சதுர சென்டிமீட்டர். வளிமண்டலம் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஏறத்தாழ 1 கிலோ எடையோடு அழுத்துகிறது. ஐட்லிங்கில் அதில் மூன்றில் இரண்டு பங்கு அழுத்தம் உதவிக்கு வந்தாலே 250 கிலோவைத் தாண்டிய தள்ளுவிசை. எந்தக் காலும் சளைக்காமல் கொடுக்கக்கூடியதல்ல இது. பெல்ஜியப் பொறியாளர் ஆல்பர்ட் டெவாண்ட்ரே வகுத்த இந்த ஏற்பாட்டை ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1920களின் பிற்பகுதியிலேயே தயாரித்து விற்றது. அடிப்படை இன்றும் அதேதான்.

டீசல் இன்ஜின் கதை வேறு. அது காற்றை மறிக்காமல் உள்ளே விடுவதால் போதிய உறிஞ்சல் கிடைக்காது. அதனால் தனியாக ஒரு வேக்குவம் பம்ப் வேண்டும். பல வண்டிகளில் அது டைனமோவின் முதுகில் உட்கார்ந்திருக்கும். பெட்ரோல் கார்களிலும் இப்போது பம்ப் வந்துவிட்டது. அதன் தகடுகள் சீக்கிரமே தேயக்கூடும் என்று தெரிந்து, 2018, 2019 மாடல் கேம்ரி கார்களில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவற்றை டொயோட்டா 2021இல் அமெரிக்காவில் திரும்ப அழைத்தது.

பெடல் இறுகினால் பிரேக் போய்விட்டது என்று பொருளல்ல. உதவி போய்விட்டது, அவ்வளவுதான். ஓட்டத்தில் அப்படி நேர்ந்தால் பெடலை விட்டுவிட்டு மிதிக்கக் கூடாது. இன்ஜினை அணைக்காமல், கியரைக் குறைத்து, முழு பலத்தோடு ஒரே மிதியாக மிதித்துக்கொண்டே இருந்தால் வண்டி நிற்கும், தூரம்தான் கூடும். டீசல் மிச்சமாகும் என்று மலை இறக்கத்தில் சாவியை அணைத்துவிட்டு வண்டியை உருட்டுபவர்கள் இந்த ஆபத்தைக் காசு கொடுக்காமலே வாங்குகிறார்கள். பூஸ்டரில் மிஞ்சியிருக்கும் வேக்குவம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும். உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் மட்டும் 36.

கோளாறைக் கண்டுபிடிக்கக் கருவியே தேவையில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு, பெடல் இறுகும்வரை நாலைந்து முறை மிதிக்க வேண்டும். காலை எடுக்காமல் அப்படியே ஸ்டார்ட் செய்தால், பெடல் காலடியில் லேசாக உள்வாங்க வேண்டும். வாங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. அசையவே இல்லையென்றால் பூஸ்டரிலோ அதற்கு வரும் வேக்குவத்திலோ குறை. அடுத்து, ஓடும் இன்ஜினில் பெடலை மிதித்துப் பிடித்தபடி சாவியை அணைத்து 30 விநாடி காத்திருக்கலாம். பெடல் காலை மேலே தள்ளிக்கொண்டு வந்தால் எங்கோ காற்று கசிகிறது.

இந்த இடத்தில்தான் பணம் வீணாகிறது. புகாரைக் கேட்டவுடனே பேடு மாற்று, மாஸ்டர் சிலிண்டர் மாற்று என்று ஆரம்பிப்பது பல பட்டறைகளின் பழக்கம். முதலில் பார்க்க வேண்டியது மலிவான சாமான்: ஹோஸ். கிளாம்ப் பிடிக்கும் வளைவில் மயிரிழை வெடிப்பு இருக்கலாம், எலி கடித்திருக்கலாம். சூட்டில் நைந்த ஹோஸ், இன்ஜின் உறிஞ்சும்போது உள்பக்கமாக ஒட்டிக்கொள்வதும் உண்டு. அணைத்ததும் பழையபடி உப்பிவிடுவதால் கண்ணில் படாது. அடுத்தது ஹோஸ் பூஸ்டரில் நுழையும் இடத்தில் உள்ள ஒருவழி வால்வு. கழற்றி வாயால் ஊதினால் ஒரு பக்கம் மட்டும் காற்று போக வேண்டும். டீசல் வண்டியில் பம்புக்குப் போகும் இன்ஜின் ஆயில் குழாயையும் பார்ப்பது நல்லது. ஆயில் வராத பம்ப் நெடுநாள் தாங்காது.

இவையெல்லாம் சரியாக இருந்தும், மிதிக்கும்போது பெடலுக்குப் பின்னால் ‘உஸ்’ என்று விடாமல் சத்தம் வந்து ஐட்லிங்கும் தடுமாறினால், டயாப்ரம் கிழிந்திருக்கிறது என்று ஏறக்குறைய முடிவுக்கு வரலாம். மாறாக, ஸ்டார்ட் செய்ததும் பெடல் ஒழுங்காக உள்வாங்கி, வண்டி மட்டும் நிற்க மறுத்தால், குற்றம் சக்கரத்தருகே: கண்ணாடிபோல் மினுமினுத்துப்போன பேடு, துருப்பிடித்து நகராத கேலிப்பர் பிஸ்டன், உள்ளுக்குள் அடைத்த பிரேக் ஹோஸ்.

பூஸ்டரை மாற்றும்போது மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி அதன் பின்புறத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஈரம் இருந்தால் பின் சீல் கசிந்து, பிரேக் ஆயில் பூஸ்டருக்குள் போயிருக்கிறது. தரையில் ஒரு சொட்டும் விழாமல் டப்பாவில் ஆயில் குறைந்துகொண்டே வந்ததற்கு அதுதான் காரணம். சீலைச் சரிசெய்யாமல் புது பூஸ்டர் போட்டால் அதன் ரப்பரும் கெட்டுவிடும். பழைய பூஸ்டரின் தள்ளுகம்பி நீளத்தைப் புதியதோடு அளந்து பார்ப்பதும் அவசியம். கம்பி சற்று நீண்டிருந்தாலே பிரேக் முழுதாக விடாமல் பிடித்துக்கொண்டு ஓடும். சில கிலோமீட்டர் ஓட்டியதும் வண்டியை ஜாக்கியில் தூக்கி, முன்சக்கரங்களைக் கையால் சுற்றிப் பார்த்தால் அது தெரிந்துவிடும்.