வீட்டு நீச்சல் குளமும் ஊர் நீரும்

கிணறும் குளமும் வெட்டுவதை நம் நாட்டார் தொன்றுதொட்டுப் பெருந்தருமமாகப் போற்றி வந்திருக்கின்றனர். வெட்டிய குளத்தைப் பழுதின்றிக் காப்பது அதனினும் பெரிய தருமம் என்பதை மாத்திரம் நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். தற்காலத்தில் வசதி படைத்தோர் தங்கள் இல்லங்களிலேயே நீச்சல் குளம் அமைத்துக்கொள்ளும் வழக்கம் பரவி வருகிறது. இது மேனாட்டாரிடம் கற்ற ஆடம்பரம் என்று சிலர் முகஞ்சுளிப்பர். இன்று பாகிஸ்தானத்தில் அடங்கியுள்ள மொகஞ்சதாரோவில் 1925-26-ஆம் ஆண்டுகளில் அகழ்ந்து கண்ட பெருங்குளத்தை அறிந்தவர் அவ்வாறு கூறார். நாலாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட அக்குளம் சுமார் 12 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் ஆழமும் உடையது. நீர் கசியாதிருக்க அதற்கு நிலக்கீல் பூசியிருந்தார்கள். பக்கத்து அறையில் கிணறு ஒன்று இருந்தது. பழைய நீர் வெளியேறத் தனிக் கால்வாயும் இருந்தது. நீர் வரும் வழியையும் போகும் வழியையும் முன்கூட்டியே சிந்தித்துக் கட்டியவர்கள் அவர்கள்.

அந்தச் சிந்தனை இன்று நமக்கு எவ்வளவு அவசியம் என்பதை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் சாலையில் மங்கலம்பேட்டை இருக்கிறது. அவ்வூரில் ஓர் இல்லத்தார் 10 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் 1.5 மீட்டர் ஆழமும் உள்ள குளம் ஒன்றைக் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். அதில் 60,000 லிட்டர் நீர் கொள்ளும். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் கிராமவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு வகுத்த அளவு 55 லிட்டர். எனவே, நீர் பச்சையாகிவிட்டது என்று ஒரு தடவை குளத்தைக் காலி செய்து நிரப்பினால், ஆயிரம் பேருக்கு மேற்பட்டவர்களின் ஒரு நாளைய நீரை வீணாக்கியவர்களாவோம். அதே மாவட்டத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுக்கும் பொருட்டு நிலத்தடி நீரை இடைவிடாது இறைக்கின்றனர். அத்தகைய பிரதேசத்தில் ஆழ்குழாய்க் கிணற்று நீரை ஒருவரது சொந்தச் சொத்து என்று எண்ணலாகாது. நீரை அடிக்கடி மாற்ற நேராதபடி அன்றாடம் காப்பதே குளம் வைத்திருப்போர் ஏற்க வேண்டிய முதற்கடமை.

அன்றாடக் காப்பு

தேங்கிய நீர் தானாகச் சுத்தமாக இராது. காற்றில் வரும் தூசியும், உதிரும் இலையும், குளிப்போர் மேனியின் வியர்வையும் அதிற் சேர்கின்றன. வெயிலில் பாசி வளர்கிறது. ஆகையால் அழுக்கு உள்ளே புகாமல் தடுப்பது முதல் வேலை. குளத்தில் இறங்குமுன் ஒவ்வொருவரும் தனியே உடல் கழுவிக்கொள்ள வேண்டும். எண்ணெய் தேய்த்துக்கொண்டு இறங்குவது கூடவே கூடாது. மிதக்கும் இலைகளை நீண்ட கழியிற் கட்டிய வலையால் தினந்தோறும் அள்ளிவிட வேண்டும். சுவரிலும் தரையிலும் படியும் வழுக்கலை வாரமொரு முறையேனும் தேய்த்தெடுக்க வேண்டும். உபயோகியாத நேரங்களில் குளத்தை மூடிவைத்தால் குப்பையும் விழாது. நீரும் வெயிலில் வற்றாது.

இரண்டாவது, நீரை ஓடச் செய்தல். குளத்து நீர் முழுவதும் நாளொன்றுக்கு ஒரு முறைக்குக் குறையாமல் பம்பின் மூலம் மணல் வடிகட்டி வழியே சென்று திரும்ப வேண்டும். மணலில் அழுக்கு அடைத்துக்கொண்டால் நீரை எதிர்த் திசையிற் செலுத்தி அதைக் கழுவிவிடலாம்.

மூன்றாவது, கிருமிகளை ஒழித்தல். இதற்குக் குளோரின் சிறந்த சாதனம். அமெரிக்காவில் ஜெர்சி நகரத்துக் குடிநீரில் 1908 முதல் இடைவிடாது சேர்க்கப்பட்டு, பின்னர் உலகெங்கும் பரவியது இம்முறை. நீச்சல் குளத்தில் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை குளோரின் எப்போதும் நிற்க வேண்டும். புதிய பிளீச்சிங் பவுடரில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்குதான் குளோரின். நாட்பட்டால் அதுவும் குறையும். ஆகவே மேற்சொன்ன 60,000 லிட்டர் குளத்தில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் சேர 180 கிராம் தூள் தேவை. தூளை ஒரு வாளித் தண்ணீரிற் கலக்கி, சுண்ணாம்பு படிந்தபின் தெளிந்த நீரை மட்டும் குளத்தில் பரவலாக ஊற்ற வேண்டும். வெயில் குளோரினை அழித்துவிடுவதால் மாலை வேளையே உகந்தது. நீரின் கார அமில நிலையைக் காட்டும் பி.ஹெச். எண் 7.2 முதல் 7.8 வரை இருக்கட்டும்; அதற்கு மேற்பட்டால் குளோரினின் வலிமை குன்றும். இவ்விரண்டையும் அளந்தறியும் சோதனைப் பெட்டிகள் கடைகளில் விற்கின்றன. ஆனால் பிளீச்சிங் பவுடரை எந்த அமிலத்துடனும் கலக்கலாகாது. உயிருக்கே கேடான விஷவாயு கிளம்பும்.

குளத்தில் மூக்கைத் துளைக்கும் நெடி வீசினால், மருந்து அதிகமாகிவிட்டதென்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில், வியர்வையும் சிறுநீரும் குளோரினுடன் சேர்ந்து உண்டாகும் குளோரமைன் என்ற பொருளின் நாற்றமே அது. நீரில் அழுக்கு மிகுந்திருப்பதற்கு அதுவே அறிகுறி.

குழந்தைகளின் உயிர்

இத்தனை கவனம் எதற்கு என்று கேட்போர் அண்டை மாநிலமான கேரளத்தை நோக்குக. 2024-ஆம் ஆண்டில் அங்கே நீர்நிலைகளில் குளித்த சிறுவர் சிலர் அமீபா மூளைக்காய்ச்சலால் மாண்டனர். நெக்லேரியா என்னும் அந்த நுண்ணுயிர் வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்வது. மூக்கின் வழியாக ஏறி மூளையைத் தாக்குவது. நோய் கண்டபின் பிழைப்பவர் மிகச் சிலரே. போதிய குளோரின் நிற்கும் நீரில் அதற்கு இடமில்லை. கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் நீரெல்லாம் சுத்தமான நீர் அன்று என்பதைத் தாய்மார்கள் முக்கியமாக மனத்திற் கொள்ள வேண்டும். குளத்தைச் சுற்றி வேலியும், சிறுவர் இறங்கும்போது பெரியவர் ஒருவரின் துணையும் இன்றியமையாதவை என்பதை நாம் சொல்லவும் வேண்டுமோ?

குடிநீர் ஊருணியில் எவரும் கால் நனைக்காமலும், மாடுகள் இறங்காமலும் காத்த கட்டுப்பாடு நம் கிராமங்களுக்குப் புதிதன்று. ஏரியையும் வாய்க்காலையும் ஊரார் கூடிச் செப்பனிட்ட குடிமராமத்து முறையைத் தமிழ்நாட்டு அரசாங்கம் 2017-இல் அதே பெயரால் மறுபடியும் தொடங்கியது. காந்தியடிகள் 1941-இல் வெளியிட்ட நிர்மாணத் திட்டத்திலும் கிராம சுகாதாரம் ஓர் அங்கமாக விளங்கிற்று. வீட்டுக் குளத்தைக் கண்ணாடிபோல் வைத்துக்கொண்டு, அதன் கழிவு நீரைத் தெருவிலோ மீன் வாழும் ஏரியிலோ திறந்துவிடுவது இந்த மரபுக்கு அடுக்காது. என்றேனும் குளத்தைக் காலி செய்தே தீர வேண்டுமானால், மருந்திடாமல் சில நாட்கள் வெயிலில் விட்டுக் குளோரின் நீங்கியபின், அந்நீரைத் தோட்டத்து மரங்களுக்குப் பாய்ச்சுக. தம் வீட்டுக் குளத்திற்குத் தினம் அரைமணி நேரம் செலவிடும் அன்பர்கள், மாதத்தில் ஒரு நாளேனும் ஊர்க் குளத்தின் கரைக்கும் செல்வார்களாக. நமது வீட்டு நீரும் ஊர் நீரும் நிலத்தின் அடியில் ஒன்றே அல்லவா?