மரக்கறிக்கும் ஒரு சீட்டு

சீட்டுப் பிடிக்காத பெண்கள் எம்மிடையே மிகக் குறைவு. மாதம் ஆயிரமோ இரண்டாயிரமோ கட்டி, பெயர் விழும் நாளுக்காகக் காத்திருந்து, பிள்ளையின் சப்பாத்து, கூரைத் தகரம், தையல் இயந்திரம் என்று ஒவ்வொன்றாக வாங்கியவர்கள் நாம். அதே போல மரக்கறிக்கும் முன்கூட்டிப் பணம் கட்டலாம், கட்டிய பணத்துக்குக் கிழமைக்கு ஒரு பை மரக்கறி வந்து சேரும் என்றால் நம்புவீர்களா? மாத்தளையில் நாங்கள் 14 வீட்டுப் பெண்கள் 2022 ஒக்டோபரிலிருந்து இப்படித்தான் சமைக்கிறோம். வடக்கிலும் கிழக்கிலும் இதைச் செய்து பார்க்க விரும்பும் சகோதரிகளுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. எனது பெற்றோர் மாத்தளைத் தோட்டமொன்றில் பிறந்தவர்கள். 1977 கலவரத்தின் பின் வவுனியாவுக்கும் அங்கிருந்து கிளிநொச்சிக்கும் போனார்கள். நான் பிறந்தது அங்கேதான். 2009இல் கணவரை இழந்து, இரண்டு பிள்ளைகளுடன் மெனிக் பாம் முகாமில் இருந்துவிட்டு, மாமாவின் ஆதரவில் மாத்தளைக்கு வந்தேன். தையல்தான் தொழில். எங்கள் குழுவில் என்னைப் போல வன்னியிலிருந்து வந்தவர்கள் ஐவர். மற்றவர்கள் இங்கேயே பிறந்து வளர்ந்த பெண்கள்.

2022 எப்படிப்பட்ட ஆண்டு என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் தடை நீங்குவதற்குள் விவசாயி நொடிந்து போனான். அடுத்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். ஒரு வருடத்துக்கு முன் நூறு ரூபாவுக்கு வாங்கியது ஏறக்குறைய இருநூறு. சந்தையில் போஞ்சியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டு வருவேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நாங்கள் இருப்பது மரக்கறிக்குப் பஞ்சமில்லாத மாவட்டம். 1999இல் தொடங்கிய தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் இங்கேதான் இருக்கிறது. நுவரெலியாவின் கோவாவும் லீக்சும் அங்கே வருகின்றன. யாழ்ப்பாணத்து, கிளிநொச்சி மரக்கறி லொறிகளும் வருகின்றன. அங்கிருந்துதான் நாடெங்கும் போகின்றன. ஆயினும் பக்கத்து ஊரில் விளைந்த கத்தரிக்காய் தம்புள்ளை போய், கைமாறி, மீண்டும் மாத்தளைக் கடைக்கு வரும்போது எங்களால் வாங்க முடிவதில்லை. எல்லாருக்கும் ஒரே காலத்தில் விளையும்போது விவசாயிக்கு அறுவடைக் கூலியும் தேறாது. விதைக்கும் நேரத்திலோ கையில் காசிருக்காது, கடன்தான். இந்த இரண்டு முனையிலும் அடிபடுபவர்கள் நேரே கைகோர்த்தால் என்ன என்பதுதான் பங்குத் திட்டத்தின் அடிப்படை.

இது எமது கண்டுபிடிப்பல்ல. 1965இல் டோக்கியோவில் 200 பெண்கள் சேர்ந்து 300 போத்தல் பாலை மொத்தமாக வாங்கியதிலிருந்து செய்கட்சு கிளப் என்ற பெரிய கூட்டுறவு வளர்ந்தது. மருந்தடித்த காய்கறிக்குப் பயந்த யப்பானியத் தாய்மார் எழுபதுகளில் விவசாயிகளுடன் நேரடி ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அதைத் தெய்கெய் என்றார்கள். ஜெனீவாவில் 1978இல் இத்தகைய தோட்டமொன்று உருவானது. அமெரிக்காவின் மசாசுசெற்சில் ரொபின் வான் என் என்ற பெண்ணும் அவரது நண்பர்களும் 1985இல் அப்பிளைப் பங்குபோட்டுத் தொடங்கி, அடுத்த ஆண்டு மரக்கறிக்கு வந்தார்கள். பிரான்சில் 2001இல் தொடங்கியது. சுவிசிலும் பிரான்சிலும் எமது உறவுகள் எத்தனை பேர்! கேட்டுப் பாருங்கள், அவர்களில் யாராவது இப்படிப் பை எடுப்பவராக இருக்கலாம்.

எமது ஊர்களிலும் முன்பு சலவைத் தொழிலாளிக்கும் கொல்லருக்கும் சூடடித்த களத்திலேயே நெல் அளந்து கொடுத்தார்கள். அதுவும் பங்குதான். ஆனால் அதனோடு சாதியும் சேர்ந்தே வந்தது. அந்தப் பங்கு நமக்கு வேண்டாம்.

எங்கள் தோட்டம் மாத்தளைக்கும் இரத்தோட்டைக்கும் இடையில் இருக்கிறது. ஒன்றரை ஏக்கர். அதைச் சுற்றிப் பலா, ஈரப்பலா, மிளகுக்கொடி, சாதிக்காய் மரம் என்று இந்தப் பக்கத்து வீட்டுத்தோட்டங்கள் எல்லாவற்றையும் போல அடர்ந்த ஒரு காணித்துண்டு. நடத்துவது ஒரு சிங்களத் தம்பதி. அந்தப் பெண்மணிக்கு நான் சட்டை தைத்துக் கொடுப்பதால் பழக்கம். நாங்கள் அவரை அக்கா என்போம். அவர் எம்மை நங்கி என்பார். அவருக்குத் தமிழ் அரைகுறை, எனக்குச் சிங்களம் அரைகுறை. கணக்குப் பேச அது போதும்.

பேசியது இதுதான். பெரும்போகத்தில் 16 கிழமைக்கு முழுப்பங்கு 16,000 ரூபா, அரைப்பங்கு 8,000. நான்கு தவணை, முதல் தவணை விதைப்பதற்கு முன். ஐந்து வீடுகள் முழுப்பங்கும் எட்டு வீடுகள் அரைப்பங்கும் எடுத்தன. ஆக, நிலம் கொத்தும்போதே அவர்கள் கையில் 36,000 ரூபா இருந்தது, வட்டியில்லாமல். பதினான்காவது வீட்டுச் சகோதரியிடம் பணமில்லை. கிழமைக்கு ஒரு நாள் களை பிடுங்க வருகிறேன், அதற்கு ஒரு முழுப்பங்கு தாருங்கள் என்றார். ஒப்புக்கொண்டார்கள். யார் காசு கட்டினார், யார் கை கொடுத்தார் என்று பையைப் பார்த்துச் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே பைதான். நான்தான் மாப் பையில் தைத்தேன்.

முதல் பை நவம்பர் நடுப்பகுதியில் வந்தது. கங்குன், பொன்னாங்காணி, வல்லாரை. மூன்று கிழமை கீரையே தின்றோம். என் மகன், "அம்மா, நாங்கள் என்ன ஆடா?" என்றான். அதன்பின் முள்ளங்கியும் வெண்டிக்காயும், மார்கழியில் போஞ்சியும் பயற்றங்காயும் கத்தரியும் வந்தன. பை கனத்தது.

பிறகு மழை. தக்காளி கறுத்து அழுகியது. எஞ்சிய போஞ்சியைக் குரங்குக் கூட்டம் ஒரே காலையில் முடித்துவிட்டது. (2025 மார்ச் 15ஆம் திகதி காலை ஐந்து நிமிடம் நாடே குரங்கு எண்ணியதே, அப்போது எங்கள் அக்கா, "ஐந்து நிமிடம் போதாது" என்றார்.) ஜனவரி இரண்டாம் கிழமை என் பையில் இருந்தது ஒரு வாழைப்பூ, ஒரு துண்டு பூசணி, ஒரு பிடி முருங்கையிலை. ஒரு கிலோ இராது.

அன்று எங்கள் வீட்டு விறாந்தையில் பெரிய சச்சரவு. இரண்டு பேர் விலகப் போவதாகச் சொன்னார்கள். "கட்டின காசுக்குக் கடையில் வாங்கியிருக்கலாம்" என்றார் ஒருவர். அது நியாயமான கோபம். எங்களில் ஒருவருக்கும் மிச்சப் பணம் என்று எதுவுமில்லை. ஐந்நூறு ரூபா போனால் அது அன்றைய அரிசி. சீட்டில் கட்டியது அப்படியே திரும்பி வரும். இங்கே அப்படியல்ல, விளைந்தால் உண்டு, விளையாவிட்டால் இல்லை. அதைக் காதால் கேட்டுத் தலையாட்டுவது வேறு, வெறும் பையைத் தூக்கிக்கொண்டு நடப்பது வேறு.

வன்னியிலிருந்து வந்த ஒரு அக்கா, அதிகம் பேசாதவர், அன்று பேசினார். "முகாமில் தந்த பையில் என்ன இருந்தாலும் வாய் திறக்காமல் வாங்கினோம். ஏன் குறைந்தது என்று கேட்க முடிந்ததா? இங்கே கேட்கலாம். வாருங்கள், போய்க் கேட்போம்."

மறுநாள் ஏழு பேர் போனோம். தோட்டத்து அக்கா அழுகிய தக்காளிப் பாத்தியைக் காட்டினார். செலவுக் கொப்பியையும் விரித்து வைத்தார். விதை, கூலி, வேலிக் கம்பி, எல்லாம் எழுதியிருந்தது. பின்னர் அவரே ஒரு வழி சொன்னார்: பாத்தி ஏமாற்றினாலும் மரம் ஏமாற்றாது, பிஞ்சுப் பலாக்காயையும் ஈரப்பலாவையும் வற்றாளையையும் பையில் சேர்க்கலாம். மரத்துக் காய் எமது ஒப்பந்தத்தில் இருக்கவில்லை. அடுத்த போகத்திலிருந்து சேர்த்து எழுதிக்கொண்டோம். விலகுவதாகச் சொன்ன இருவரில் ஒருவர் நின்றார். மற்றவரின் பங்கைப் பக்கத்து வீடு எடுத்துக்கொண்டு அவர் கட்டியதைக் கொடுத்தது.

நான் கிழமைதோறும் நிறுத்துக் கொப்பியில் எழுதினேன். அந்தப் போகத்தில் எனது அரைப்பங்குக்குக் கிடைத்தது 41 கிலோ. கிலோ 195 ரூபாவளவில் வருகிறது. அன்றைய கடை விலைக்கு இது இலாபமே. ஆனால் மூன்று கிழமைகள் கடையிலும் வாங்க வேண்டியிருந்தது, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தொடங்க விரும்புவோர் சில விடயங்களைக் கவனியுங்கள். தோட்டம் போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கட்டும். மருந்தடிப்பார்களா, எப்போது அடிப்பார்கள் என்று கேளுங்கள். என்ன பயிர், எத்தனை கிழமை, விளையாவிட்டால் என்ன செய்வது, இவற்றை எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். எங்களுடையது தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று. முழுப் பணத்தையும் ஒரேயடியாகக் கொடுக்காதீர்கள். முக்கியமாக, இதற்கென்று நுண்கடன் எடுக்கவே வேண்டாம். கிழமைத் தவணைக்காரர் வாசலில் வந்து நின்ற கதைகள் நமக்குத் தெரியாதவையல்ல. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசே முன்வர வேண்டியிருந்தது. அரைப்பங்கு முடியாவிட்டால் இரண்டு வீடு சேர்ந்து ஒரு அரைப்பங்கு எடுங்கள்.

காணி வைத்திருக்கும் சகோதரிகள் மறுபக்கத்திலிருந்தும் யோசிக்கலாம். கிளிநொச்சியில் கால் ஏக்கரில் கத்தரியும் பயற்றையும் போட்டு, லொறிக்காரர் சொன்ன விலைக்குக் கொடுக்கும் பெண்கள் பலரை நான் அறிவேன். பாடசாலை ஆசிரியைகள், வைத்தியசாலை ஊழியர்கள் என்று மாதச் சம்பளக்காரர் பத்துப் பேர் முற்பணம் தந்தால் விதைக்கும் நீர் இறைப்பதற்கும் கடன் தேவைப்படாது.

வருகிற பெரும்போகத்துக்கான கூட்டம் போன ஞாயிறு நடந்தது. பாகற்காய் வேண்டாம் என்று ஏழு வீடுகள் கை தூக்கின. குரங்கு தொடாத காய் அது ஒன்றுதான், இரண்டு பாத்தி போட்டே தீருவேன் என்கிறார் தோட்டத்து அக்கா. பேச்சு இன்னும் முடியவில்லை.