மணிக்கட்டின்மேல் விழும் ஒளியும் அதற்கு உரிமை கோருவோரும்

2023-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் பண்டிகையை ஒட்டி, வருஷத்திலேயே வியாபாரம் மிக மும்முரமாக நடக்கும் அந்த நாட்களில், ஆப்பிள் கம்பெனி அமெரிக்காவிலுள்ள தன் கடைகளிலிருந்து, புதிதாக வெளியிட்ட கைக்கடிகாரங்களில் இரண்டு வகைகளைத் தானே எடுத்து உள்ளே வைத்துவிட நேர்ந்தது. கடிகாரம் மணியைத் தவறாகக் காட்டியதென்றோ, அணிந்தவர்களுக்குத் தீங்கு விளைந்ததென்றோ யாரும் முறையிடவில்லை. அதன் அடிப்புறத்தில், மணிக்கட்டின் தோலோடு ஒட்டியிருக்கும் சிறு வட்டத்துக்குள், இரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு கலந்திருக்கிறதென்பதை ஒளியைக் கொண்டு அளக்கும் ஓர் அமைப்பு இருக்கிறது. அந்த அமைப்பு தன்னுடைய காப்புரிமைக்கு உட்பட்டதென்று, ஆஸ்பத்திரிக் கருவிகள் செய்வதில் பெயர் பெற்ற மாஸிமோ என்னும் மற்றொரு கம்பெனி வழக்காடி வென்றிருந்தது. இந்த விவகாரத்தின் உட்பொருள் விளங்க வேண்டுமானால், அந்தச் சிறு வட்டத்துக்குள் என்ன நடக்கிறதென்பதை முதலில் தெரிந்துகொள்வது அவசியம்.

கொரோனாக் காலத்தில் விரல் நுனியில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிமீட்டர் என்ற கருவியை நம்மில் பலர் வீட்டிலேயே வாங்கி வைத்திருந்தோம். அதன் தத்துவமும் கடிகாரத்தின் தத்துவமும் ஒன்றே. இரத்தத்துக்குச் செந்நிறம் தரும் ஹீமோகுளோபின் பிராணவாயுவை ஏந்தியிருக்கும்போது ஒரு விதமாகவும், அதைத் திசுக்களுக்கு வழங்கிவிட்டுத் திரும்பும்போது வேறு விதமாகவும் ஒளியை உட்கொள்கிறது. சுமார் 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளியைப் பிராணவாயு இல்லாத ஹீமோகுளோபின் அதிகமாக விழுங்கும். சுமார் 940 நானோமீட்டர் அலைநீளமுள்ள, கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியையோ பிராணவாயுவை ஏந்திய ஹீமோகுளோபின் அதிகமாக விழுங்கும். ஆகவே இரண்டு ஒளிகளையும் உடலுக்குள் செலுத்தி, எது எவ்வளவு மிஞ்சுகிறதென்று பார்த்தால் போதும் என்று தோன்றலாம். ஆனால் தோலும் எலும்பும் சிரைகளில் தேங்கிய இரத்தமும் கூடத்தான் ஒளியை விழுங்குகின்றன. இவற்றினின்று தமனி இரத்தத்தை மட்டும் எப்படிப் பிரித்தறிவது என்பதே விஞ்ஞானிகளை நெடுங்காலம் திகைக்க வைத்த பிரச்னை. இரண்டாம் உலக யுத்த காலத்தில், உயரப் பறக்கும் விமானிகளுக்காக அமெரிக்காவில் கிளென் மில்லிகன் செய்த கருவி காது மடலில் பொருத்தப்பட்டது. அவருக்குப் பின் வந்த சில கருவிகளில் மடலை அழுத்தி இரத்தத்தை வெளியேற்றி, முதலில் இரத்தமில்லாத அளவைக் குறித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் ஜப்பானில் நிஹோன் கோடன் கம்பெனியில் பணியாற்றிய டக்குவோ அயோயாகி என்ற என்ஜினீயர். அவர் தேடியது பிராணவாயுவை அன்று. இருதயம் எவ்வளவு இரத்தத்தைச் செலுத்துகிறதென்று அறிவதற்காக, ஒரு சாயத்தை இரத்தத்தில் கலந்து, அது காது மடலைக் கடந்து செல்வதை ஒளியால் கவனித்துக்கொண்டிருந்தார். நாடித் துடிப்பினால் ஏற்படும் சிற்றலைகள் அந்தக் கணக்கைக் கெடுத்துக்கொண்டே இருந்தன. அவற்றை நீக்குவதற்காக மற்றொரு நிறத்து ஒளியைச் சேர்த்துச் சமன் செய்து பார்த்தபோது, இரத்தத்தின் பிராணவாயு அளவு மாறினால் அந்தச் சமனும் குலைவதைக் கண்டார். வெறும் இடையூறென்று தாம் ஒழிக்க முயன்ற அந்தத் துடிப்பிலேதான் விடை இருந்ததென்பது அவருக்குப் புலனாயிற்று. ஏனெனில் தோலும் எலும்பும் சிரை இரத்தமும் மாறாமல் நிற்க, ஒவ்வொரு துடிப்பிலும் தமனியில் புதிதாக வந்து பாயும் இரத்தத்தினால் மட்டுமே ஒளி சற்று மங்கி மீளுகிறது. மாறுகின்ற அந்தப் பகுதியை மட்டும் இரு நிறங்களிலும் அளந்து விகிதம் கண்டால், தமனி இரத்தத்தின் நிலை தானே வெளிப்பட்டுவிடும். 1974 மார்ச்சில் அவருடைய கம்பெனி ஜப்பானில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. அடுத்த மாதமே மினோல்டா கம்பெனியும் இதே கருத்துக்கு விண்ணப்பம் கொடுத்தது. ஆரோக்கிய உணரிகளைப் பற்றிய உரிமைப் போட்டி, இந்தக் கருவி பிறந்த அன்றே பிறந்துவிட்டது என்று சொன்னால் மிகையாகாது. அயோயாகி 2020 ஏப்ரலில், உலகம் முழுவதும் அவருடைய கருவியைத் தேடி அலைந்துகொண்டிருந்த வேளையில், தம் 84-ஆம் வயதில் காலமானார்.

அவருடைய முறைக்கு ஒரு பலவீனம் இருந்தது. நோயாளி கையை அசைத்தால், அசைவினால் எழும் அலையையும் நாடியின் அலையையும் கருவியால் வேறுபடுத்த முடியாது. விரலில் இரத்தவோட்டம் குறைந்தாலும் அளவு தவறிவிடும். குறைமாதக் குழந்தைகள் கையையும் காலையும் ஆட்டாமல் கிடப்பார்களா? ஈரானில் பிறந்து சிறு வயதில் அமெரிக்காவுக்கு வந்த ஜோ கியானி, 1989-இல் கலிபோர்னியாவில் மாஸிமோவை ஆரம்பித்தது இந்தக் குறையைத் தீர்ப்பதற்காகவே. கணித வழியில் அசைவின் அலையைப் பிரித்தெடுக்கும் அவர்களுடைய முறை ஆஸ்பத்திரிகளில் ஆக்சிமீட்டர்களின் நம்பகத்தை வெகுவாக உயர்த்தியது. வழக்குக்கு அஞ்சாத சுபாவமும் அக்கம்பெனிக்கு ஆரம்பத்திலிருந்தே உண்டு. நெல்கார் என்ற போட்டிக் கம்பெனியோடு நடந்த நீண்ட காப்புரிமை வழக்கு, 2006-இல் 33 கோடி டாலர் கொடுத்துச் சமாதானம் செய்யப்பட்டது.

மணிக்கட்டு விரலைவிடக் கடினமான இடம். விரல் நுனியில் ஒரு புறம் விளக்கையும் மறுபுறம் உணரியையும் வைத்து ஒளியை ஊடுருவச் செய்யலாம். மணிக்கட்டில் அது இயலாதாகையால், ஒளியை உள்ளே அனுப்பி, திசுக்களில் சிதறி அதே பக்கமாகத் திரும்பி வரும் சொற்ப ஒளியைப் பிடித்தாக வேண்டும். அந்த இடத்திலே மேற்பரப்பில் இரத்தவோட்டமும் குறைவு. விளக்கும் உணரியும் அருகருகே இருப்பதனால், தோலுக்குள் போகாமலே குறுக்கு வழியில் உணரியை அடைந்துவிடும் ஒளி வேறு கணக்கைக் கெடுக்கும். வழக்குக்கு மூலமான இரு காப்புரிமைகளும் இந்த இடர்ப்பாட்டையே குறித்தவை. பல சிறு எல்.இ.டி. விளக்குகள், ஒளியை வாங்கும் நான்கு போட்டோடையோடுகள், தோலின்மேல் மெல்ல அழுந்தும்படி குவிந்த ஒரு மேடு, ஒவ்வோர் உணரிக்கும் நேராக அந்த மேட்டில் ஒரு ஜன்னல், ஜன்னல்களுக்கிடையே ஒளி புகாத சுவர்கள் ஆகிய இவற்றின் சேர்க்கையே அங்கே உரிமை கோரப்பட்டது. ஹீமோகுளோபினின் குணம் இயற்கையின் விதி. அதற்கு யாரும் சொந்தக்காரர் ஆக முடியாது. அந்த விதியைப் பயன்படுத்திக்கொள்ள ஒருவன் வகுத்த அமைப்பை அவன் ஊரறிய எழுதி வைத்தால், அதற்கு ஈடாக, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருஷங்களுக்கு அதை மற்றவர்கள் அவன் அனுமதியின்றிச் செய்யாதபடி ராஜ்யம் தடுத்துத் தருகிறது. இது நியாயமான ஏற்பாடென்றே நான் கருதுகிறேன்.

இரு கம்பெனிகளும் 2013-இல் கூடிப் பேசியதுண்டு. ஒப்பந்தம் ஏதும் உருவாகவில்லை. ஆனால் மாஸிமோவின் தலைமை மருத்துவ அதிகாரியும், பிறகு அதன் சகோதரக் கம்பெனியின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியும் ஆப்பிளில் போய்ச் சேர்ந்தார்கள். 2020 ஜனவரியில் மாஸிமோ வழக்குத் தொடுத்தது. அதே வருஷம் செப்டம்பரில் ஆப்பிளின் ஆறாம் வரிசைக் கடிகாரம் பிராணவாயு அளக்கும் வசதியோடு வெளிவந்தது. தொழில் ரகசியங்களைக் கவர்ந்ததாகச் சொன்ன குற்றச்சாட்டில், 2023 மே மாதத்தில் ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வர இயலாமல் கலைந்தார்கள்.

மாஸிமோவுக்கு வெற்றி தந்தது நியாயஸ்தலமன்று, வாஷிங்டனிலுள்ள சர்வதேச வாணிபக் கமிஷன். 1930-ஆம் வருஷத்துச் சுங்கச் சட்டத்தின் 337-ஆம் பிரிவின்படி, காப்புரிமையை மீறிய சரக்கு அமெரிக்காவுக்குள் இறக்குமதியாவதைத் தடை செய்யும் அதிகாரம் இக்கமிஷனுக்கு உண்டு. நஷ்டஈடு வழங்கும் அதிகாரம் இல்லை. ஆப்பிள் கடிகாரங்கள் வெளிநாடுகளில் தயாராகி அமெரிக்காவுக்கு வருபவை என்பதனால், இந்த வழி கையில் கிடைத்த கூரிய ஆயுதமாயிற்று. 2023 அக்டோபரில் கமிஷன் தடை விதித்தது. ஜனாதிபதி விரும்பினால் 60 நாட்களுக்குள் அதை ரத்துச் செய்யலாம். 2013-இல் ஆப்பிளுக்கும் சாம்சங்குக்கும் நடந்த வழக்கில் அப்படி ரத்துச் செய்ததுண்டு, இம்முறை செய்யவில்லை. மேல்முறையீட்டு நீதிமன்றம் சில வாரங்கள் தடையை நிறுத்தி வைத்துப் பின் விலக்கிக்கொண்டது. ஆகவே 2024 ஜனவரி 18 முதல் அமெரிக்காவில் விற்கப்பட்ட கடிகாரங்களில் அந்த வசதி மென்பொருளால் மூடப்பட்டது. விளக்குகளும் உணரிகளும் அப்படியே இருந்தன. சென்னையில் வாங்கிய கடிகாரம் பிராணவாயுவை அளந்தது, அதே வகை நியூயார்க்கில் வாங்கப்பட்டால் அளக்கவில்லை.

இவ்விடத்தில் அலைவ்கோர் என்னும் சிறிய கம்பெனியின் கதையையும் சொல்லியாக வேண்டும். இருதயத்தின் மின்னலைகளைப் பதிவு செய்யும் ஈ.சி.ஜி. வசதியைக் குறித்து அது தொடுத்த புகாரில், 2022 டிசம்பரில் இதே கமிஷன் ஆப்பிள் மீறியதாகவே தீர்மானித்தது. ஆனால் அதே மாதத்தில் காப்புரிமை அலுவலகத்தின் விசாரணைக் குழு அந்தக் காப்புரிமைகளே செல்லாதென்று சொல்லிவிட்டது. தடை அமலுக்கு வரவில்லை. 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் செல்லாதென்பதையே உறுதி செய்தது. ஒரே அரசாங்கம் ஒரு கையால் கொடுத்த உரிமையை மற்றொரு கையால் திரும்ப வாங்கிக்கொண்டது எனக்கு வருத்தமளிக்கிறது.

2025 ஆகஸ்டில் ஆப்பிள் ஒரு மாற்று வழி கண்டது. கடிகாரம் ஒளியை அளப்பதோடு நின்றுவிடும். கணக்கு முழுவதும் சட்டைப்பையிலுள்ள ஐபோனில் நடந்து, விடையும் அதிலேதான் தெரியும். சுங்க இலாகா இதை அனுமதித்தது. மாஸிமோ சுங்க இலாகாவின் மீதே வழக்குத் தொடுத்தது. அந்த நவம்பரில் கலிபோர்னியாவில் ஜூரிகள், 2022-இலேயே காலாவதியான வேறொரு காப்புரிமையை மீறியதற்காக 63 கோடியே 40 லட்சம் டாலர் நஷ்டஈடு விதித்தார்கள். ஆப்பிள் மேல்முறையீடு செய்வதாக அறிவித்தது.

இத்தனை வழக்குகளிலும் குவிந்த மேட்டின் உரிமை அணு அணுவாக ஆராயப்பட்டது. அந்த மேடு அழுந்தும் தோலைப் பற்றிய கேள்வி ஒன்று இருக்கிறது. நம்மைப் போன்ற கறுத்த மேனியருக்கு அது அவற்றைவிட முக்கியமானது. தோலின் கருமைக்குக் காரணமான மெலனினும் ஒளியை விழுங்கும். 2020 டிசம்பரில் மிச்சிகன் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஆஸ்பத்திரியில் ஆக்சிமீட்டர் சரியென்று காட்டியும் உண்மையில் பிராணவாயு குறைந்திருந்தவர்கள், வெள்ளை நோயாளிகளைவிடக் கறுப்பு நோயாளிகளிடையே ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் என்று தெரிந்தது. தமனியிலிருந்து இரத்தம் எடுத்துச் சோதித்த பிறகே இது வெளிப்பட்டது. பற்பல தோல் நிறங்களுடையவர்களிடம் சோதித்த பிறகே இக்கருவிகளை விற்க வேண்டுமென்று அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2025 ஜனவரியில் ஒரு வரைவு வெளியிட்டிருக்கிறது. வைத்தியத்துக்காக விற்கப்படும் கருவிகளுக்கே அது பொருந்தும். பொது ஆரோக்கியத்துக்கென்று சொல்லி விற்கப்படும் கைக்கடிகாரங்கள் அந்த வரைவுக்குள் வரவில்லை.