பங்கின் பழைய ஏடுகளும் நம் குடும்பத்தின் வேர்களும்



மத்தேயு நற்செய்தி ஒரு பெயர்ப் பட்டியலோடு தொடங்குகிறது. திருவருகைக் காலத்தின் இறுதி நாட்களில் அது வாசிக்கப்படும்போது நம் கவனம் சிதறுவது உண்டு. "இவருக்கு இவர் மகன்" என்று நீளும் அந்தப் பட்டியலில் நமக்கு என்ன இருக்கிறது என்று நினைக்கிறோம். ஆனால் மீட்பின் வரலாறு ஊரும் பேரும் உள்ள மனிதர்கள் வழியாகவே வந்தது என்பதைத்தான் நற்செய்தியாளர் அங்கே சொல்கிறார்.

சங்கரன்கோவில் வட்டாரத்தில் வாழும் நமக்கும் அப்படி ஒரு பெயர்ப் பட்டியல் உண்டு. அது பங்குத்தந்தையின் அலுவலக பீரோவில் இருக்கிறது. திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகியவற்றைப் பதிந்து வைத்திருக்கும் ஏடுகளே அவை. சான்றிதழ் வாங்கப் போகும்போது மட்டும் அவற்றை நினைக்கிறோம். அவை நம் முன்னோரின் வரலாறும்கூட என்பதைச் சற்று சிந்திப்போம்.

ஏடுகள் வந்த வழி

1563ஆம் ஆண்டு திரிதெந்தின் பொதுச்சங்கம் திருமணங்களை ஏட்டில் பதிய வேண்டும் என்று பங்குக் குருக்களுக்குக் கட்டளையிட்டது. 1614ஆம் ஆண்டு வெளிவந்த உரோமைச் சடங்கு நூல் திருமுழுக்கு, உறுதிபூசுதல், திருமணம், இறப்பு ஆகியவற்றுக்கும், ஒவ்வொரு தலைக்கட்டின் நிலையைக் குறிக்கும் குடும்பப் பதிவேட்டுக்கும் ஒழுங்குமுறை தந்தது. இங்கிலாந்தில் 1538ஆம் ஆண்டே பங்கு ஏடுகள் அரசு ஆணையால் தொடங்கின. இன்றும் அந்நாட்டின் சிற்றூர் மக்கள் தங்கள் பாட்டன் பூட்டனைத் தேடுவது பெரும்பாலும் அந்த ஏடுகளில்தான்.

நம் நாட்டில் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அதற்கு முன் கிராமங்களில் அரசுப் பதிவில் விட்டுப்போன பிறப்புகள் ஏராளம். ஜமீன்தார்களின் செப்பேடுகளில் கொடை கொடுத்தவர் பெயர் இருக்கிறது. பட்டாவில் நிலம் உள்ளவர் பெயர் இருக்கிறது. கரிசல் காட்டில் கூலிக்குக் களையெடுத்த ஒரு தாயின் பெயரை எழுதி வைத்தது எது? அவள் பிள்ளைக்குத் திருமுழுக்குக் கொடுத்த அன்று பங்கு ஏடு அதை எழுதி வைத்தது. இன்றைய திருச்சபைச் சட்டமும் (எண் 877) குழந்தையின் பெயரோடு பெற்றோர், ஞானப்பெற்றோர், பிறந்த இடம், நாள் ஆகியவற்றைப் பதியச் சொல்கிறது.

பெயர்களை வாசிப்பது எப்படி?

பழைய ஏடுகள் பல இலத்தீனில் எழுதப்பட்டவை. வீட்டில் சவரிமுத்து என்று அழைக்கப்பட்டவர் அங்கே சவேரியுஸ் என்று இருக்கலாம். இராயப்பர் பேதுருவாகவும், சின்னப்பர் பவுலாகவும், அருளப்பர் யோவானாகவும், சூசை யோசேப்பாகவும், சந்தியாகு யாக்கோபாகவும் காணப்படலாம். வடக்கன்குளத்தில் 1745 மே 14 அன்று திருமுழுக்குப் பெற்ற நீலகண்டன் பெற்ற பெயர் லாசர். அதையே தமிழில் தேவசகாயம் என்கிறோம். நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லாததால் ஒரே ஊரில் பல சவரிமுத்துகள் இருப்பார்கள். எனவே தாயின் பெயரையும் ஞானப்பெற்றோரின் பெயரையும் சேர்த்துப் பார்த்தால்தான் நம்முடையவரை அடையாளம் காணலாம்.

ஓரக் குறிப்புகளையும் கவனிக்க வேண்டும். 1908ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த திருச்சபை ஆணையின்படி, ஒருவர் எங்கே திருமணம் செய்தாலும் அச்செய்தி அவர் திருமுழுக்குப் பெற்ற பங்குக்கு அனுப்பப்பட்டு, அவர் பெயருக்கு அருகில் குறிக்கப்பட வேண்டும். ஓலை வாசித்து வேறு ஊருக்குக் கட்டிக் கொடுத்த பெண் எங்கே வாழ்க்கைப்பட்டாள் என்பதை அந்த ஓரக் குறிப்பு சொல்லக்கூடும்.

இன்னொன்று. இன்று தனிப் பங்காக இருக்கும் ஊர், நேற்று வேறொரு பங்கின் கிளைக் கிராமமாக இருந்திருக்கலாம். அப்படியானால் பழைய பதிவுகளைத் தாய்ப்பங்கில் தேட வேண்டும். வீரமாமுனிவர் பணிசெய்த காமநாயக்கன்பட்டி போன்ற பழம்பெரும் தலங்கள் ஒரு காலத்தில் பரந்த நிலப்பரப்பைக் கவனித்து வந்தன. திருச்சி மறைமாவட்டம் 1886இலும், மதுரை 1938இலும், பாளையங்கோட்டை 1973இலும் உருவாயின. 2019இல் நம் மாவட்டமும் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி ஆனது. ஊரை விட்டு நகராத குடும்பத்தின் தாள்களிலும் மறைமாவட்டமும் மாவட்டமும் மாறி மாறி வரும். இதை அறியாதவர்கள் தேடி அலைந்து சோர்ந்துபோகிறார்கள்.

எதற்காகத் தேடுகிறோம்?

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. வேர்களைத் தேடுவது எளிதில் குலப்பெருமை பேசுவதாகிவிடும். "எங்கள் வம்சம்தான் கோவில் கட்டியது, தேரின் முதல் வடம் எங்களுக்கே" என்ற பேச்சு எத்தனை பங்குகளில் திருவிழாவையே நிறுத்தியிருக்கிறது! மத்தேயுவின் பட்டியலோ அந்தப் பெருமையை உடைக்கிறது. அதில் தாமார் இருக்கிறார், எரிகோவின் இராகாபு இருக்கிறார், மோவாபு நாட்டு ரூத்து இருக்கிறார். வேற்றினத்தாரையும் பழிச்சொல் கேட்டவரையும் விலக்காத பட்டியல் அது. 2022 மே 15 அன்று தேவசகாயம் புனிதராக அறிவிக்கப்பட்டபோதும் சாதிப் பட்டம் இல்லாமலே அவர் பெயர் வாசிக்கப்பட்டது.

திருமுழுக்கு ஏட்டில் முன்வரிசை பின்வரிசை கிடையாது. திருமுழுக்குப் பெற்ற நாளே வரிசை. அவசரத் திருமுழுக்குப் பெற்று சில மணி நேரமே வாழ்ந்த குழந்தைக்கும் அதில் ஒரு வரி உண்டு. நம் முன்னோரில் எவரும் பெரிய மனிதராக இல்லாமல் போகலாம். பஞ்சத்தில் மாண்டவராகவோ, பிழைப்புக்காகக் கண்டிச் சீமைக்குப் போய் மறைந்தவராகவோ இருக்கலாம். அவர்கள் வழியாகவே விசுவாசம் நம்மிடம் வந்தது.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுவோம். பாட்டியின் தாய் பெயர் என்ன, எந்த ஊரிலிருந்து வந்தார்கள், கல்லறை எங்கே என்பவை ஏட்டில் முழுமையாகக் கிடைக்காது. அந்தப் பாட்டி கண்மூடிவிட்டால் வேறு எவரிடமும் கேட்க முடியாது.

இரண்டாவது, பதிவேடுகளைப் பார்க்க விரும்பினால் பெயர், பெற்றோர், ஊர், ஏறத்தாழ எந்த ஆண்டு என்ற விவரங்களோடு பங்குத்தந்தையை அணுகுவோம். பிறர் குடும்பங்களின் மறைவான செய்திகளும் அதில் இருப்பதால் அனைவரும் புரட்டிப் பார்க்க இயலாது. அந்த ஒழுங்கை மதிப்போம்.

மூன்றாவது, பழைய ஏடுகளைப் பேணுவது திருச்சபைச் சட்டம் (எண் 535) தரும் கடமை. கரையானுக்கும் மழை ஒழுகலுக்கும் அவை இரையாகாதபடி, ஒரு நல்ல இரும்புப் பெட்டி வாங்கவும், பங்குத்தந்தையின் மேற்பார்வையில் பக்கங்களைப் படமெடுத்து வைக்கவும் பங்குப் பேரவையும் அன்பியங்களும் முன்வரலாம். கிழிந்த பக்கங்களில் செலோ டேப் ஒட்டுவதைத் தவிர்ப்போம். அது காலப்போக்கில் தாளைக் கெடுத்துவிடும்.

வரும் கல்லறைத் திருநாளில் மெழுகுதிரி ஏற்றும்போது, "எங்கள் முன்னோர்" என்று பொதுவாகச் செபிக்காமல், அவர்களைப் பெயர் சொல்லி நினைவுகூர்வோம். நம் பெயர்கள் விண்ணகத்தில் எழுதப்பட்டிருப்பதற்காக மகிழச் சொன்ன ஆண்டவர், மண்ணில் மறக்கப்பட்டவர்களின் பெயர்களையும் அங்கே எழுதியிருக்கிறார் என்ற நம்பிக்கையோடு வாழ்வோம்.