‘மிக்ஸி கெட்டுப் போச்சா மக்ளே?’ - இரைச்சல் இசை என்றால் என்ன, அதை எப்படிக் கேட்பது?

கீரிப்பாறையில் சித்தப்பா வீட்டுத் திண்ணை. சாயங்காலம் ஆறு மணி. ப்ளூடூத் ஸ்பீக்கரில் ஜப்பானியக் கலைஞர் மெர்ஸ்போவின் ‘பல்ஸ் டீமன்’ ஆல்பத்தை ஓடவிட்டேன். பத்து நொடிகூட ஆகியிருக்காது. உள்ளே இருந்து குரல் வந்தது: “மிக்ஸி கெட்டுப் போச்சா மக்ளே?”

அவரைக் குறை சொல்ல முடியாது. 1996-ல் வெளிவந்த அந்த ஆல்பத்தில் எட்டு டிராக்குகள், எழுபது நிமிடத்துக்கும் மேல். மெட்டு இல்லை, பாடகர் இல்லை, பல்லவி, சரணம் எதுவும் இல்லை. முதல் டிராக்கின் பெயர் ‘உட்பெக்கர் நம்பர் 1’, அதாவது மரங்கொத்தி. கேட்டால் சிக்னல் போன டிவி, மர அறுவை மில், பழுதான மோட்டார் மூன்றையும் ஒரே அறையில் வைத்துப் பூட்டியதுபோல இருக்கும். ஆனாலும் உலகம் முழுக்க இதைத் தேடிப்பிடித்துக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நானும் கல்லூரியில் ஒரு பாடத்துக்காகக் கேட்க ஆரம்பித்தவள்தான். முதல் தடவை நாலு நிமிடம் தாண்டவில்லை.

இதெல்லாம் இசைதானா?

இந்தக் கேள்விக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1913-ல் லூயிஜி ருஸ்ஸோலோ என்ற இத்தாலிய ஓவியர் ‘இரைச்சல்களின் கலை’ என்றொரு அறிக்கை எழுதினார். ஆலையும் ரயிலும் மோட்டாரும் வந்துவிட்ட ஊரில் வயலினையும் பியானோவையும் மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது என்பது அவர் வாதம். சொன்னதோடு நிற்காமல், உறுமவும் சீறவும் செய்கிற பெட்டிகளைச் செய்து மேடையிலும் ஏற்றினார். 1975-ல் அமெரிக்க ராக் பாடகர் லூ ரீட், கிட்டார் அலறலை மட்டுமே வைத்து ‘மெட்டல் மெஷின் மியூசிக்’ என்ற இரட்டை ஆல்பம் போட்டார். பாட்டு எதிர்பார்த்து வாங்கிய ரசிகர்களின் நிலைமையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

மெர்ஸ்போ என்ற பெயரில் இயங்கும் மசாமி அகிதா, டோக்கியோவில் 1979-ல் தொடங்கியவர். பெயருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. கர்ட் ஷ்விட்டர்ஸ் என்ற ஜெர்மானியக் கலைஞர் கண்ணில் பட்ட தட்டுமுட்டுச் சாமான்களை எல்லாம் சேர்த்துத் தன் வீட்டுக்குள்ளேயே ஒரு கட்டுமானம் எழுப்பினார். அதன் பெயர் ‘மெர்ஸ்பாவ்’. அவர் குப்பையில் செய்ததை அகிதா சத்தத்தில் செய்கிறார். ஒலிப்பதிவுக் கூடத்தில் எதை ‘வேண்டாம்’ என்று வெட்டி எறிவார்களோ, அதுதான் இவருடைய மூலப்பொருள்.

செய்முறை நமக்குத் தெரியாததில்லை. அம்மன் கொடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு யாராவது ஸ்பீக்கர் பக்கம் போனால் ‘கீய்ய்ங்’ என்று காதைக் கிழிக்குமே, அதுதான் ஃபீட்பேக். ஸ்பீக்கரில் வருகிற சத்தம் மைக்குக்குள் போய், ஆம்ப்ளிஃபயரில் பெருகி, திரும்ப ஸ்பீக்கரில் வந்து, மறுபடியும் மைக்குக்குள் போகிறது. மைக் செட் அண்ணன் ஓடிவந்து அதை அமுக்குவார். இரைச்சல் இசைக்காரர் அதை வளர்த்து, வளைத்து, நிறம் மாற்றுவார்.

டார்க் ஆம்பியன்ட் இதற்குப் பக்கத்து வீடு. அங்கே அலறல் குறைவு, ஆழம் அதிகம். வேல்ஸ் நாட்டுக்காரரான லஸ்ட்மார்ட் 1990-ல் வெளியிட்ட ‘ஹெரெஸி’ இந்த வகையின் ஆரம்பப் புள்ளிகளில் ஒன்று. குகைகளிலும் நிலவறைகளிலும் பதிவுசெய்த ஒலிகளை அதில் பயன்படுத்தியிருக்கிறார். அடிவயிற்றில் கேட்பது மாதிரி ஒரு தாழ்ந்த ரீங்காரம். அது மெதுவாக, மிக மெதுவாக மாறும். பேய்ப் படத்தில் கதவு திறப்பதற்கு முன்னால் பின்னணியில் ஒன்று ஓடுமே, அதை மட்டும் ஒரு மணி நேரம் கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சுருதிப்பெட்டி கேட்டு வளர்ந்த காதுக்கு இது அவ்வளவு அந்நியமும் இல்லை.

சித்தப்பா எப்படிக் கேட்கிறார்?

நாம் பாட்டுக் கேட்கும்போது மூளை சும்மா இருப்பதில்லை. அடுத்து என்ன வரும் என்று ஊகித்துக்கொண்டே போகிறது. பல்லவி திரும்ப வரும்போது கிடைக்கிற சுகம், ஊகம் பலித்த சுகம். மெர்ஸ்போ அந்தப் பிடியை உருவிவிடுகிறார். வராத மெட்டுக்குக் காத்திருக்கிறவருக்குத்தான் தலைவலி. அப்படியானால் வேறு எதைப் பிடிப்பது?

எனக்கு இது விளங்கியது ஹெட்போனில் இல்லை, ரப்பர் தோட்டத்தில்.

சித்தப்பாவுக்குப் பால்வெட்டு வேலை. விடியும் முன்னே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். மரத்துக்கு மரம் பட்டையைச் சீவி, சிரட்டையைச் சரிபண்ணிவிட்டு நகர வேண்டும். இருட்டில் லைட் வெளிச்சம் பத்தடி போனாலே பெரிசு. மேற்குத் தொடர்ச்சி மலையின் காடு ஒட்டிக்கொண்டே இருக்கிறது. யானை இறங்குகிற ஊர். கண் உதவாத நேரத்தில் காதுதான் காவல்.

“சீவிடு கத்திக்கிட்டே இருந்தா பயம் இல்ல மக்ளே. ஒரு பக்கம் மட்டும் சடக்குன்னு நின்னா, அங்க என்னமோ நிக்குன்னு அர்த்தம்” என்றார்.

அவர் சீவிடின் சத்தத்தில் மெட்டுத் தேடவில்லை. மொத்த இரைச்சலையும் ஒரு துணிபோல விரித்துவைத்து, எங்கே கிழிகிறது என்று மட்டும் கவனிக்கிறார். ரப்பர் காய் வெயிலில் ‘டப்’பென்று வெடிப்பதற்கும் சுள்ளி மிதிபட்டு ஒடிவதற்கும் உள்ள வித்தியாசம் அவருக்கு அரை நொடியில் தெரியும். எனக்கு இரண்டும் ஒரே சத்தம்.

அன்று இரவு ‘பல்ஸ் டீமனை’ ஹெட்போனில் திரும்பப் போட்டேன். இந்த முறை மெட்டுக்காகக் காத்திருக்கவில்லை. மேலே சீறிக்கொண்டிருப்பது ஒன்று, அடியில் உருள்வது ஒன்று என்று அடுக்குகளைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு அடுக்கு திடீரென்று விலகும்போது அடியில் இருந்த துடிப்பு வெளியே வந்தது. அது முதலிலிருந்தே அங்கேதான் இருந்திருக்கும், நான்தான் கேட்கவில்லை. சிங்காரி மேளம் அடிக்கும்போது செண்டைக்குப் பக்கத்தில் போய் நின்றிருந்தால் இது புரியும். அங்கே யாரும் ராகம் கேட்பதில்லை, நெஞ்சுக்கூடு அதிர்வதைத்தான் கேட்கிறோம். முழு ஆல்பத்தையும் ரசித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். நாற்பதாவது நிமிடத்தில் அணைத்துவிட்டேன்.

அகமதாபாத்தில் கிடந்த டேப்புகள்

‘இதெல்லாம் வெளிநாட்டுக்காரன் பண்ற வேலை’ என்று ஒதுக்க நினைத்தால், ஒரு இந்தியக் கதை குறுக்கே நிற்கிறது. 1969-ல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரு மூக் சிந்தசைசரோடு மின்னணு இசைக்கூடம் திறந்தார்கள். அதை அமைத்துக் கொடுத்தவர் அமெரிக்கர் டேவிட் டியூடர். நாலு நிமிடம் முப்பத்து மூன்று நொடிகள் ஒரு ஸ்வரமும் வாசிக்காமல் பியானோ முன் உட்காரும் ஜான் கேஜின் புகழ்பெற்ற படைப்பை 1952-ல் முதன்முதலாக மேடையேற்றியவர் இவர்தான். கேஜுக்கு 1946-ல் நியூயார்க்கில் இந்திய இசை சொல்லிக்கொடுத்தவர் கீதா சாராபாய். விஞ்ஞானி விக்ரம் சாராபாயின் சகோதரி, பக்கவாஜ் வாசித்தவர். அகமதாபாத் கூடத்தில் அவரும் இசையமைத்தார். ஐ.எஸ்.மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி.சர்மா, அப்போது மாணவராக இருந்த ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோரும் சேர்ந்துகொண்டார்கள். 1972-க்குப் பிறகு கூடம் அடங்கிப்போனது. டேப்புகள் ஆவணக் காப்பகத்தில் தூங்கின.

லண்டன் கலைஞர் பால் பர்காஸ் அவற்றைத் தேடியெடுத்து, 27 ரீல்களை மீட்டார். 2023-ல் ‘தி என்ஐடி டேப்ஸ்’ என்று ஆல்பமாக வந்தது. மெர்ஸ்போ அளவுக்குக் காதைப் பிறாண்டாது. ஆனால், நம் ஊர்க் காதுகள் மெட்டை விட்டு வெளியே நடந்துபார்த்த காலம் அதில் பதிவாகியிருக்கிறது. யாரும் போய்ப் பார்க்காமல் இருந்திருந்தால் அந்த மூன்று வருடம் நடந்ததே நமக்குத் தெரிந்திருக்காது.

புதிதாகக் கேட்கிறவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம். அடுத்து ‘ஹெரெஸி’. மெர்ஸ்போ கடைசியில்.

முக்கியமான ஒன்று, வால்யூம். ‘சத்தமா வச்சாத்தான் ஃபீல் வரும்’ என்று சொல்லும் நண்பரை நம்ப வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம்வரை கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வெறும் 4 மணி நேரம். பாட்டில் நடுநடுவே காதுக்கு ஓய்வு கிடைக்கும், இரைச்சல் ஆல்பத்தில் அது கிடையாது. பாதி வால்யூமே தாராளம். கேட்டு முடித்த பிறகும் காதில் ‘ங்ங்’ என்று ஓடிக்கொண்டிருந்தால் அளவு தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

மறுநாள் மத்தியானம் ‘என்ஐடி டேப்ஸில்’ மாத்தூரின் ‘ஒன்ஸ் ஐ பிளேய்டு எ தம்புரா’வைச் சித்தப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். ஒட்டுப்பால் சாக்கைக் கட்டிக்கொண்டே முழுசாகக் கேட்டார்.

“இது கொள்ளாம்.”

“அப்போ நேத்தைக்கு போட்ட மரங்கொத்தி?”

“அது மரங்கொத்தி இல்ல மக்ளே. மரம் அறுக்க மெஷினு.”