இந்துப்புக்குள் பூச்சி புகுந்த வழி

கடலூர், சிதம்பரம் மளிகைக் கடைகளில் விற்கும் சில இந்துப்புப் பொட்டலங்களில் '25 கோடி ஆண்டுப் பழமை' என்ற பெருமையும், இரண்டே ஆண்டில் முடியும் காலாவதித் தேதியும் அருகருகே அச்சாகியிருப்பது வாசகர்களைக் குழப்பியிருப்பதை அவர்களுடைய கடிதங்கள் காட்டுகின்றன. தேதியைப் போலவே அந்தப் பழமையும் வணிகர் எழுதியதுதான்; இந்துப்பு வெட்டியெடுக்கப்படும் பாகிஸ்தானின் கேவ்ரா சுரங்க உப்புக்குப் புவியியலாளர் தரும் வயது ஏறத்தாழ 54 கோடி ஆண்டு.

இந்த வயதையே ஒருமுறை பூச்சிகள் அசைத்துப் பார்த்தன. 1940களில் லக்னோவின் தொல்தாவரவியலாளர் பீர்பல் சாஹ்னி, கேவ்ரா அமைந்துள்ள மலைத்தொடரின் உப்பைக் கரைத்து, எஞ்சிய வண்டலை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, மரத்துணுக்குகளும் பூச்சிகள் உள்ளிட்ட கணுக்காலிகளின், அதாவது இணைப்புக் கால்களும் கைட்டின் மேலோடும் கொண்ட உயிரினங்களின், சிதைவுகளும் தென்பட்டன. பூச்சிகளின் மிகப் பழைய புதைபடிவமே சுமார் 41 கோடி ஆண்டுக்குரியது என்பதால், உப்பு ஏறத்தாழ 5 கோடி ஆண்டுப் பழமையான இயோசீன் காலத்தது என்றும், மேலே கிடக்கும், அதைவிட மிகப் பழைய கேம்பிரியப் பாறைகள் பிற்காலத்தில் அதன்மீது தள்ளப்பட்டவை என்றும் அவர் வாதிட்டார். மலைத்தொடரை நெடுங்காலம் ஆய்ந்த இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் எட்வர்ட் கீ அதை மறுத்தார்.

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிக்குள் புதைந்த மகரந்தத்தை அந்தப் படிவின் வயதுக்குச் சாட்சியாக்கலாம். உப்பில் அது எளிதன்று. மழைநீரில் கரைந்த உப்பு, பூச்சிக்காலையும் மரநாரையும் சுமந்தபடி பிளவுகளில் இறங்கி, உலர்ந்து மீண்டும் படிகமாகும்போது பிளவு தடயமின்றி மூடிக்கொள்வதால், நேற்று வந்த துணுக்கும் ஆதிகாலத்ததாகத் தோன்றும். ஏரிபோல் அடைபட்ட உவர்நீர் வற்றுகையில் அடித்தளத்தில் வளர்ந்த முதற்படிகங்களுக்குள் நுண்ணிய நீர்க்குமிழ்கள் கூம்பு வரிசைகளாக அடுக்கப்பட்டிருக்கும். பின்னர் வளர்ந்த படிகம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். துணுக்கு எதனுள் இருந்தது என்பதே தீர்ப்பைத் தரக்கூடியது; உப்பைக் கரைக்கும் ஆய்வு முறையோ முதலில் அந்தச் சாட்சியத்தைத்தான் அழிக்கிறது. பிற்காலக் கந்தக ஐசோடோப்பு அளவீடுகளும் பழைய வயதையே ஆதரித்தன.

இனி, வாசகர்களின் மற்றக் கேள்விகள். உவர் ஏரியில் கணுக்காலி வாழுமா? ஆர்ட்டீமியா என்னும் உப்பள இறால் வாழும். அதன் உறைமுட்டைகள் வறட்சியையும் தாங்கும்.

இந்துப்பில் '84 தாதுக்கள்' உள்ளனவா? பெரும்பகுதி சோடியம் குளோரைடே. செந்நிறத்துக்குக் காரணம் இரும்பு ஆக்சைடு.

இப்போதும் பாகிஸ்தானிலிருந்து வருகிறதா? அந்நாட்டு இறக்குமதி அனைத்தும் 2025 மே 2 முதல் தடைசெய்யப்பட்டுள்ளன.

தேதி கடந்த பொட்டலத்தை எறிய வேண்டுமா? ஈரம் படாத வெறும் உப்பு கெடாது. அயோடின் சேர்த்ததில் அயோடின் மட்டும் குறையும்.